பைக் புகை கக்கும்போதும் ஆயில் ஒழுகும்போதும்: இன்ஜினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நம் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை 100 முதல் 150 சி.சி. வரையிலான, காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை. ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி, ஷைன் என்று பெயர் மாறினாலும் உள்ளே உள்ள ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவிலான ஒரே ஆயில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் கீழ்த்தண்டு), கியர், கிளட்ச், ஹெட் (வால்வுகள் உள்ள மேல்பகுதி) என எல்லாவற்றையும் நனைத்துத் திரும்புகிறது. அந்த ஆயில் குறைவதற்கு இரண்டே வழிகள் உண்டு: உள்ளே எரிந்து சைலன்சர் வழியாகப் புகையாகப் போக வேண்டும், அல்லது எங்கேனும் கசிந்து வெளியே ஒழுக வேண்டும். இரண்டில் எதுவானாலும் பட்டறையில் முதலில் காதில் விழுவது "இன்ஜின் வேலை இருக்கு" என்ற தீர்ப்பாகவே இருக்கிறது. அது பல நேரங்களில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் புகை எந்த நேரத்தில் வருகிறது, கசிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன்; ஏனெனில் பிரித்த பிறகு அந்தத் தடயங்கள் கிடைக்கவே கிடைக்காது.

முதலில் ஆயில் அளவு

சமதளத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே வடிவதற்கு இரண்டு மூன்று நிமிடம் விட்ட பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் டிப்ஸ்டிக்கை மரையில் திருகாமல், அதன் வாயில் வெறுமனே உட்கார வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வேறு சில வண்டிகளில் முறை மாறும் என்பதால் வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. கண்ணாடித் துளை உள்ள வண்டிகளில் வண்டி சாயாமல் நேராக நிற்கும்போது பார்த்தால்தான் கணக்கு சரிவரும்.

ஆயில் குறைவாக இருப்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதிகமாக இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கடைகளில் 900 மில்லி பாக்கெட் விற்பதற்குக் காரணமே பல 100 சி.சி. வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது அந்த அளவு போதும் என்பதுதான். ஒரு லிட்டர் டப்பாவை வாங்கி, மீதம் வைப்பானேன் என்று முழுவதையும் ஊற்றிவிட்டால், கிராங்க் சுழலும்போது அந்த ஆயிலை அடித்துத் தெறிக்கவிடும். அது பிரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் குழாய்) வழியாக ஏர் பில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு எரியும். நீலப் புகையும் வரும், சீல்களின் ஓரத்தில் கசிவும் தொடங்கும். ஆயில் மாற்றிய மறுநாளே புகை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியில் ஆயில் தேங்கியிருந்தால் அதைத் துடைத்து, பெட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைக் காலி செய்து, இன்ஜின் ஆயிலை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் ஊற்றாமலேயே அளவு தானாகக் கூடியிருந்தால் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரின் மிதவை ஊசி அடைக்காமல் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது என்று பொருள். நீர்த்துப்போன அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது. ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதுதான் நடந்தது. அப்படிப்பட்ட வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், பிளக்கைக் கழற்றி, ஆயிலை முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்றி, அதையும் சிறிது நேரத்தில் மாற்றிவிடுவதுதான் முறை.

புகையின் நிறமும் நேரமும்

கறுப்புப் புகைக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் தொடர்பில்லை. பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்பதே அதன் பொருள்: சோக் முழுவதும் திரும்பவில்லை, ஏர் பில்டர் அடைத்திருக்கிறது, கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது, அல்லது இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் தவறாகச் சொல்கிறது. வெள்ளைப் புகை மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் வந்து மறைந்தால் அது சைலன்சரில் தங்கிய ஈரம்தான். கூலன்ட் உள்ள வண்டிகளில் அது நிற்காமல் தொடர்ந்து, கூலன்ட் அளவும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்; காற்றால் குளிரும் வண்டியில் உள்ளே தண்ணீரே இல்லாததால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வெயிலில் நீலப் புகைகூட வெள்ளையாகத் தெரிவதுண்டு. சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி வெள்ளைத் துணியைச் சிறிது நேரம் பிடித்தால், ஆயில் புகையாக இருந்தால் துணியில் பிசுபிசுப்பும் எரிந்த ஆயில் வாடையும் ஏறும். ஈரமாக இருந்தால் வெறும் தண்ணீர்ப் பொட்டுகள் தெரியும்.

நீலப் புகையில்தான் நேரம் முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெரும் புகை வந்து, பிறகு ஓடும்போது ஒன்றுமில்லை என்றால், ஹெட்டில் தங்கிய ஆயில் வால்வு சீல் (வால்வுத் தண்டில் ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாக இரவில் மெல்ல இறங்கியிருக்கிறது. ஏற்காடு, ஏலகிரி போன்ற மலைப் பாதைகளில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை மூடியபடி இறங்கி, அடிவாரத்தில் திரும்ப முறுக்கும்போது புகை அடித்தாலும் அதே வால்வு சீல் அல்லது வால்வுத் தண்டு ஏறியிறங்கும் குழலான வால்வு கைடுதான் காரணம். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது உள்ளிழுக்கும் வழியில் ஏற்படும் வெற்றிடம் ஆயிலைக் கைடின் இடுக்கு வழியாக உறிஞ்சுகிறது. மாறாக, வண்டி சூடான பிறகும், சுமையோடு மேடேறும்போதும், முறுக்க முறுக்கப் புகை கூடிக்கொண்டே போனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரும் தேய்ந்திருக்கின்றன. கீழே சாய்ந்த வண்டியை நிமிர்த்தி ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகை இந்தக் கணக்கில் சேராது. சில நிமிடங்களில் தானே அடங்கும்.

வண்டியில் ஏறி அமர்ந்திருப்பவருக்குத் தன் புகை தெரியாது. பின்னால் ஒருவரை வேறு வண்டியில் வரச் சொல்லி, எந்தக் கட்டத்தில் புகை அடிக்கிறது என்று பார்க்கச் சொல்வதே எளிய வழி. மூடிய அறையிலோ ஷட்டர் இறக்கிய கடையிலோ இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். கறுத்து எண்ணெய்ப் பசையோடு மின்னினால் ஆயில் எரிகிறது. பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக் கிக் அடித்து அளவைக் குறித்துக்கொள்ளவும். பிறகு அதே துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கவும். இரண்டாம் அளவு நன்றாக உயர்ந்தால், ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஆகவே தேய்ந்தது ரிங் அல்லது போர். இரண்டும் குறைவாகவே இருந்தால் வால்வு தன் இருக்கையில் இறுக மூடவில்லை. முதல் அளவே நன்றாக இருந்தும் காலையில் புகை அடித்தால் வால்வு சீல் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம், ஏனெனில் சீல் கெட்டால் கம்ப்ரஷன் குறையாது. ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகிக்கொண்ட வண்டியிலும் கம்ப்ரஷன் நன்றாகக் காட்டும் என்பதால், இந்தச் சோதனையை நேரத் தடயத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எவ்வளவு குடிக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். மேல் கோடு வரை ஊற்றி, 500 கி.மீ. ஓட்டி, மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி ஆகிறது என்று அளவுக் கோப்பையால் பாருங்கள். 50 மில்லி போகும் வண்டியை ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டே சில காலம் ஓட்டலாம். 200 மில்லி போகும் வண்டியைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கெட்டியான ஆயிலுக்கு மாறினால் புகை சற்றுக் குறைவது உண்மைதான், ஆனால் தேய்மானம் அப்படியே இருக்கும்; கார் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுக்கும் சேர்க்கைகளால் கிளட்ச் நழுவத் தொடங்கும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய தர அமைப்பு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், எம்.பி. குறியுள்ளது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது.

ஹாஃப் இன்ஜின் வேலை

சோதனைகள் ஹெட்டையும், சிலிண்டர் உள்ள பிளாக்கையும் காட்டினால், கிராங்க் வரை போகாமல் மேல்பாதியை மட்டும் பிரிப்பதே போதும். இதைப் பெரும்பாலோர் மெக்கானிக்கிடம்தான் கொடுப்பார்கள். ஆனாலும் அருகில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு.

வால்வு சீலை மாற்றும்போது வால்வைக் கைடுக்குள் விட்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாக ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் சீலை மட்டும் போட்டால் வால்வின் ஆட்டத்திலேயே புது சீலும் விரைவில் கெட்டு, புகை திரும்பிவிடும்.

பிளாக் கையில் வந்ததும் போரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள்; படிபோல ஒரு தடை தட்டுப்பட்டால் ரிங் ஓடிய இடம் தேய்ந்திருக்கிறது. நெடுக்குவாட்டில் கீறல்கள் தெரிந்தால் சொல்லவே வேண்டாம். நம்பத்தக்க லேத் கடையில் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலும் அளப்பார்கள். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே 0.10 மி.மீ. தாண்டினால் இந்த வகைச் சிறு இன்ஜின்களில் போர் அடிப்பதே, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதே சரி. தேய்ந்து நீள்வட்டமான போரில் புது ரிங்கை மட்டும் போட்டுக் கொடுப்பது செலவைக் குறைப்பதாகத் தோன்றும். வட்டமான ரிங் அங்கே ஒட்டி உட்காராது என்பதால் அந்தப் பணம் வீண்தான்.

பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்கேற்பவே போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பழைய ஸ்ப்ளெண்டரின் 50 மி.மீ. போருக்கு 0.25 ஓவர்சைஸ் என்றால் பெயரளவில் 50.25 மி.மீ.; ஆனால் பிஸ்டனின் உண்மையான அளவை அளந்து, அதோடு இடைவெளியைக் கூட்டித்தான் லேத்காரர் வெட்டுவார். இறுதியில் ஹோனிங் கல்லால் குறுக்குமறுக்கான கோடுகள் விழ வேண்டும். கண்ணாடி போல மின்னும் போரில் புது ரிங் படியாது. எல்லா வண்டிக்கும் போர் அடிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: யமஹா ஆர்15-இன் டயாசில் எனும் அலுமினிய சிலிண்டர் போன்றவை தேய்ந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டியதுதான்.

லேத்திலிருந்து வந்த பிளாக்கைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தால் கல்லின் நுண்துகள் கோடுகளுக்குள் தங்கி, புது ரிங்கை முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஏறாத வரை கழுவி, உலர்ந்ததும் உடனே ஆயில் பூச வேண்டும். தாமதித்தால் இரும்புச் சுவரில் துரு பூத்துவிடும். பிஸ்டன் பின்னின் கிளிப்பைப் போடும்போது கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்வது அவசியம். விரலிலிருந்து தெறிக்கும் அந்தச் சிறு கம்பி உள்ளே விழுந்துவிட்டால், ஹாஃப் இன்ஜின் வேலை ஃபுல் இன்ஜின் வேலையாகிவிடும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடக் கூடாது. ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் ஏறத்தாழ 120 பாகை விலகியிருக்க வேண்டும்.

கசிவின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தல்

ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நினைப்பது இயல்பு; ஆனால் ஓடும்போது எதிர்க்காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நிற்கும்போது அது கீழே வழியும். ஆகவே நனைந்த இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதுவே தொடக்கம். ஹெட்டில் தொடங்கிய கசிவு பிளாக்கின் விளிம்புகளில் இறங்கி, கிளட்ச் கவரைச் சுற்றி, டிரெயின் நட்டின் நுனியில் சொட்டும். டிரெயின் நட்டை இறுக்கி இறுக்கி மரையை அழித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தடத்தில் ஏமாந்தவர்கள்தான்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் கொண்டு, பழைய மண்ணும் பிசுக்கும் போகத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடவே கூடாது. பிறகு சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைப் பஞ்சால் மெல்லத் தட்டிவிட்டு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெண்மையின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று கசிவின் வாயிலிருந்து கிளம்பி ஓடுவது தெளிவாகத் தெரியும். மெதுவான கசிவுக்கு ஒருநாள் ஓட்டம் வேண்டியிருக்கும்.

வழக்கமாகக் கசியும் இடங்கள் தெரிந்தவையே. மேலே டேப்பட் மூடிகளின் ஓ-ரிங். ஹெட் நட்டின் கீழ் உள்ள செம்பு வாஷர், ஏனெனில் பல சிறு இன்ஜின்களில் ஹெட்டுக்கு ஆயில் ஏறும் வழியே ஒரு ஸ்டட்டின் துளைதான். டைமிங் செயின் டென்ஷனரின் பேக்கிங். பிளாக்கின் மேலும் கீழும் உள்ள கேஸ்கெட்டுகள். கீழே வலப்பக்கம் கிளட்ச் கவர் பேக்கிங்கும் கிக்கர் ஷாஃப்ட்டின் சீலும். இடப்பக்கம் கியர் லிவர் ஷாஃப்ட் சீல், முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னுள்ள சீல், நியூட்ரல் சுவிட்சின் ஓ-ரிங். இடப்பக்கக் கசிவை அலட்சியப்படுத்தக் கூடாது: அங்கிருந்து செயினில் ஏறும் ஆயில் பின்சக்கரத்துக்குத் தெறிக்கும், டயர் ஓரத்தில் ஆயில் பட்ட வண்டி வளைவில் வழுக்கும். செயினுக்கு அடித்த ஆயில் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் சேர்ந்து வடிவதைச் சீல் கசிவு என்று நினைத்து மாற்றுவதும் நடக்கிறது. கவரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்காமல் சீல் வாங்கப் போக வேண்டாம்.

ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் கசிந்தால் நான்கைந்து சீல்கள் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று எண்ண வேண்டியதில்லை. பிரீதர் ஹோஸ் நசுங்கியோ கரி அடைத்தோ இருந்தால் கிராங்க்கேஸின் அழுத்தம் வெளியேற வழியில்லாமல், நன்றாக இருக்கிற சீல்களையும் தள்ளிக்கொண்டு வரும். ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்த்துவிடலாம். அது சுத்தமாக இருந்தும் அதன் வாயில் விட்டு விட்டுப் பலமாகக் காற்று அடித்து, ஆயில் புகையும் சேர்ந்து வந்தால், ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அப்போது கசிவும் நீலப் புகையும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். இந்த நிலையில் சீலை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

சீலும் பேக்கிங்கும் மாற்றும் முறை

ஸ்ப்ராக்கெட் சீல், கியர் ஷாஃப்ட் சீல் இரண்டையும் பல வண்டிகளில் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். பழைய சீலை வளைந்த கொக்கியால் நெம்பி எடுக்கும்போது ஷாஃப்ட்டையோ சீல் உட்காரும் அலுமினியச் சுவரையோ கீறிவிடக் கூடாது. ஷாஃப்ட்டில் சீலின் உதடு ஓடிய இடத்தை நகத்தால் தடவி, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். ஷாஃப்ட்டின் பற்கள் புது உதட்டைக் கிழிக்காமலிருக்க அவற்றின் மேல் செல்லோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் உள்ள உள்புறத்தை நோக்க, சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர் குழலை வைத்து மெல்லத் தட்டி நேராக இறக்க வேண்டும்.

கிளட்ச் கவரைத் திறப்பதற்கு முன் ஆயிலை வடித்துவிட்டு, ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் கேஸே விரிசல் விடும். பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கோடு அடுத்த கசிவுக்கான வாய்க்கால். அனபாண்ட் போன்ற பசையை எல்லா இடத்திலும் அப்புவது நம் பட்டறைகளில் ஊறிய வழக்கம். காகித பேக்கிங் போடும் இடத்தில் அதற்கு வேலையில்லை. தேவைப்படும் இடத்திலும் மெல்லிய படலமே போதும், ஏனெனில் உள்பக்கம் பிதுங்கிய பசை துண்டுகளாக உடைந்து ஆயில் பம்பின் வலைச் சல்லடையை அடைத்து, ஹெட்டுக்குப் போகும் ஆயிலை நிறுத்திவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இரண்டு மூன்று சுற்றில், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். டிரெயின் நட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். மரை அழிந்துவிட்டால் நூல் சுற்றி இறுக்குவதை விட்டு, லேத்தில் ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்வதே நிரந்தர வழி.

ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கணக்கே வேறு. அங்கே 2டி ஆயில் பெட்ரோலோடு எரிவதால் மெல்லிய நீலப் புகை இயல்பானது. திடீரென்று புகை மண்டி, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் கெட்டு, கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படுகிறது. பழைய வார்ப்பிரும்பு புல்லட் வாரக்கணக்கில் நின்று ஸ்டார்ட் ஆகும்போது அடிக்கும் புகையும் பெரும்பாலும் தேய்மானமல்ல; ஆயில் டேங்க் பகுதியிலிருந்து ஆயில் மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கித் தேங்கியதால் வருவது, பம்ப் அதைத் திரும்ப ஏற்றியதும் நின்றுவிடும்.

வேலை முடிந்த பிறகு

வால்வு சீலோ ரிங்கோ மாற்றி எடுத்த வண்டி முதல் நாளில் புகைத்தால் பதற வேண்டாம். சைலன்சருக்குள் முன்பே படிந்திருந்த ஆயில் எரிந்து தீரச் சில பத்துக் கிலோமீட்டர்கள் ஆகும். போர் அடித்த வண்டியை முதல் 500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும், டாப் கியரில் திணறவிடாமலும், இரண்டு பேரோடு மேடேற்றாமலும் ஓட்டி, அந்த 500-ஆம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிட வேண்டும். வடித்த ஆயிலில் மின்னும் தூசு தெரிவது அப்போது இயல்பு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டியாக இருந்தால் புகையைத் தள்ளிப்போடுவது கூடுதல் நட்டம், ஏனெனில் எரியும் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் சைலன்சரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலை ரிங் செட்டோடு ஒப்பிடக்கூடியதல்ல. பி.யு.சி. எனும் மாசுச் சான்றிதழ் சோதனையிலும் ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு ஹைட்ரோகார்பன் அளவு ஏறிக் காட்டும் என்பதால், சரிசெய்த பிறகு சோதனைக்குப் போவதே உசிதம். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.